பன்னிரண்டு புத்தகங்களும் ஒரு மேக்ரோவும்

ஞாயிற்றுக்கிழமை காலை, பல்கூடத் துலக்காமல், காற்புள்ளியார் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் லேசில் முடிவுக்கு வருகிறவர் அல்லர். பேச்சானாலும் வேலையானாலும் பாதியில் நிறுத்தி, "அப்புறம் பாக்கலாம்" என்பார். அதனால்தான் தெரு அவருக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. தொழில், அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது. ஊரார் எழுத்தில் ஓர் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் அவருக்கு உடம்பு தாங்காது. தம் வீட்டில் எது மிகுந்தது, எது குறைந்தது என்பதை மட்டும் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொள்வார்.

மிகுந்தது புத்தகம். குறைந்தது இடம்.

வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்றில் கட்டில். மற்றதில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு புத்தகங்கள், ஒரு சாய்வு நாற்காலி, அதில் அவர். மனைவியோ தையற்காரி. அவளுடைய மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே, நடைவழியில் நின்றது. குளியலறைக்குப் போக யாராவது வந்தால் அவள் எழ வேண்டும், நாற்காலியை மடக்க வேண்டும், வழிவிட்டு, மறுபடி உட்கார்ந்து, விட்ட தையலைத் தேடிப் பிடிக்க வேண்டும். எட்டு வருஷமாக இப்படித்தான். போன வாரம் அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணி, இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக வெளிப்பட்ட காற்புள்ளியாரை நேருக்கு நேர் சந்தித்தாள். அளவை முழுசாகச் சொல்லாமலே போய்விட்டாள். போனவள் போனவள்தான்.

"எனக்கு அந்த ரூம் வேணும்," என்றாள் மனைவி.

"புத்தகத்தையெல்லாம் எங்க வைக்கிறதாம்?"

"படிக்கிறவங்ககிட்ட."

"ஏன், நான் படிக்கலையா?"

"நீங்க தூங்குறீங்க. நடுநடுவுல பக்கம் திருப்புறீங்க. லைப்ரரிக்குக் குடுத்துட்டா நாலு பேராவது முழிச்சுக்கிட்டுப் படிப்பாங்க."

இதற்குப் பதிலாக வந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவு. நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கச் சம்மதிப்பது. எல்லாவற்றையும் அல்ல, பன்னிரண்டை. எந்தப் பன்னிரண்டு என்பதில்தான் அவருடைய கொடைத்தன்மை விளங்கியது: பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டு, பாடத்திட்டம் மாறிப்போன தேர்வுக் கையேடு ஐந்து, கரையான் பாதி படித்துவிட்டுப் போன நாவல் நான்கு, கடைசி அத்தியாயம் இல்லாத 'முடி உதிர்வைத் தடுப்பது எப்படி' ஒன்று. இவை போனால் ஒரு சாண் இடம் காலியாகும். கொடுத்த பேரும் கிடைக்கும், அறையும் கையை விட்டுப் போகாது.

"பன்னெண்டு குடுக்கறேம்மா," என்றார் பெருந்தன்மையாக.

"அப்படியா? லைப்ரரிக்குத் திரைச்சீலை தைச்சுக் குடுத்தது நான்தான். நானே லைப்ரரியன்கிட்டப் பேசுறேன்."

மறுநாள் நூலகர் காற்புள்ளியாருக்குப் போன் செய்தார். "ரொம்ப சந்தோஷம் சார். குடுக்கற புத்தகங்களோட பட்டியல் மட்டும் அனுப்பிடுங்க. எக்செல்லா வேணாம், வெறும் டெக்ஸ்ட் ஃபைலா இருக்கட்டும்."

பட்டியலுக்கா பஞ்சம்? புத்தகம் படிப்பதைவிடப் பட்டியல் போடுவதில்தான் காற்புள்ளியாருக்கு நாட்டம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, விலை, உயரம், அட்டை நிறம் என்று ஒவ்வொரு புத்தகமும் எக்செல்லில் ஒரு வரிசை. எட்டாவது பத்தியின் பெயர் 'நின்ற பக்கம்'. படிப்பு எந்தப் பக்கத்தில் நின்றதோ அந்த எண் அதில் இருக்கும். அவர் நேர்மையானவர், ஆகையால் அதை ஒழுங்காக நிரப்பிவந்தார். விவரமானவரும்கூட, ஆகையால் அந்தப் பத்தியை மறைத்து வைத்திருந்தார்.

"பன்னெண்டு பேருதானே? கையால அடிச்சா பத்து நிமிஷ வேலை," என்றாள் மனைவி.

"கையாலயா? மேக்ரோ எழுதப்போறேன்."

"அப்படின்னா?" அவள் பல்லிடுக்கில் நூல் இருந்தது.

"நாம ஒரு தடவை சொல்லிக் குடுத்தா போதும். அப்புறம் கம்ப்யூட்டர் சொன்னதைத் தானாவே திரும்பத் திரும்பச் செய்யும். எதிர்த்துப் பேசாது."

"அட, சொல்லிக் குடுத்தா செய்யுதா? நானும்தான் ஈரத்துண்டைக் கட்டில்மேல போடாதீங்கன்னு எட்டு வருஷமா சொல்லிக் குடுக்குறேன்."

காற்புள்ளியார் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விஞ்ஞானிகளுக்கு வீடுகளில் இப்படித்தான் மரியாதை.

பத்து நிமிஷ வேலையை மூன்றே நாளில் முடித்தார். முதல் நாள் மேக்ரோ ஓடவே இல்லை; எந்த வரியில் தவறு என்பதை மட்டும் மஞ்சள் நிறத்தில் காட்டி, அவருடைய தொழிலையே அவரிடம் செய்தது. இரண்டாம் நாள், சோதனைக்கு ஒரு புத்தகத்தை அனுப்பிப் பார்த்தார். ஓடியது. ஆனால் டெக்ஸ்ட் ஃபைலில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை; எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி வீதம் வரிசையாக நின்றன. எத்தனையோ எழுத்தாளர்களைக் கேள்வி கேட்டவர், அன்று தாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அதுவும் சரியாயிற்று.

பிறகு கொடுக்க வேண்டிய பன்னிரண்டுக்கும் ஒரு குறி போட்டு, ஃபில்டர் வைத்தார். ஆயிரத்து எண்ணூற்று முப்பத்துநான்கு புத்தகங்கள் திரையிலிருந்து மாயமாயின. டீயோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பன்னெண்டுதான் தெரியுது."

"பன்னெண்டுதான் போகும்."

"மறைச்சு வச்சதெல்லாம் போகாதாங்க?"

"கண்ணுக்கே தெரியாதது எப்படிம்மா போகும்? இதெல்லாம் உனக்குப் புரியாது, போ."

தையலுக்கு வருவதற்கு முன்னால் அவள் ஆறு வருஷம் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவள். வெள்ளிக்கிழமை தோறும் நோயாளிகள் பட்டியலை எக்செல்லிலிருந்து டெக்ஸ்ட் ஃபைலாக மாற்றி அனுப்புவதுதான் அங்கே அவளுக்கு வேலை. கல்யாணமான புதிதில், "அங்க உனக்கு என்ன வேலை?" என்று காற்புள்ளியார் கேட்டதுண்டு. அவள் சொல்லத் தொடங்கியபோது அவர் செய்தித்தாளைக் கையில் எடுத்துவிட்டார். ஃபில்டர் என்பது பார்க்கிறவன் கண்ணுக்குப் போடும் திரை மட்டுமே. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை போய் வா என்று உத்தரவு வாங்கிய மேக்ரோ, திரைக்குப் பின்னாலும் புகுந்து எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். இது அவளுக்குத் தெரியும். ஆனால் உனக்குப் புரியாது என்று சொல்லும் கணவனிடம் புரிந்ததைச் சொல்வது மரியாதை ஆகாது. அவர் 'போ' என்றார். அவள் போய்விட்டாள்.

காற்புள்ளியார் பொத்தானை அழுத்தினார். 'வெற்றி' என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் எழுந்தது. அந்தச் சொல்லை எழுதி வைத்தவரும் அவரே. இருந்தாலும் கணினியே மனமுவந்து பாராட்டியது போலிருந்ததால் மேலும் மூன்று முறை அழுத்தினார். உருவான கோப்பைத் திறந்து பார்த்தாரா என்றால், இல்லை. பிறர் எழுத்தைச் சரிபார்க்கத்தானே அவருக்குச் சம்பளம்.

கோப்போடு ஒரு கடிதமும் சென்றது: 'இணைப்பில் கண்ட நூல்கள் யாவற்றையும், ஒன்றும் விடாமல், மனமுவந்து வழங்குகிறேன். பட்டியல் யானே எழுதிய மேக்ரோவால் உருவானது. பிழைக்கு இடமில்லை.'

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. நூலகரும் நான்கு ஆட்களும் இறங்கினார்கள். பன்னிரண்டு புத்தகத்துக்கு நான்கு ஆளா என்று காற்புள்ளியார் நெகிழ்ந்துபோனார்.

"ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு, சார்," என்று நூலகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கமிட்டியில உங்க கடிதத்தை வாசிச்சப்ப தலைவர் எழுந்து நின்னுட்டாரு. நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு."

காற்புள்ளியார் கையை உருவிக்கொண்டார். "இல்ல, லிஸ்ட்ல ஏதோ ஒரு சின்னத் தப்பு..."

"தப்பா?" நூலகர் கடிதத்தின் நகலை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தார்.

"தப்பெல்லாம் இருக்காதுங்க," என்றாள் மனைவி உள்ளிருந்து. "மூணு நாளா உக்காந்து அவரே எழுதினது."

நான்கு ஆட்களும் அவரைப் பார்த்தார்கள். இரண்டே வழிதான். மேக்ரோ தவறு என்று ஒப்புக்கொண்டால் புத்தகம் தப்பும். மேக்ரோ சரி என்றால் மானம் தப்பும். மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் தாம் எழுதியதில் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்துநான்கு பிழை என்று நடுத்தெருவில் நின்று சொல்வதா?

"தப்பில்ல," என்றார் காற்புள்ளியார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

நூலகர் இளகிய மனசுக்காரர். "ஒண்ணு செய்யலாம் சார். நீங்க முழுசாப் படிச்சதை நீங்களே வச்சுக்கங்க, அதுல பாசம் இருக்கும். எட்டாவது பத்தியில பக்கம்கூடப் போட்டிருக்கீங்களே. கமிட்டியில எல்லாரும் அதைத்தான் ரசிச்சாங்க. அறுநூறு பக்க நாவல்ல முன்னுரையிலயே நின்னுருக்கீங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் போனது முப்பத்தொண்ணு."

"அதுல பதினேழு அச்சகத்துல சம்பளத்துக்குப் படிச்சது," என்றாள் மனைவி. "மிச்சம் பதினாலுதானே, ஃப்ரிட்ஜ் மேல அடங்கிடும்."

ஆட்கள் உள்ளே போனார்கள். அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்க்கச் சகிக்காமல் காற்புள்ளியார் நூலகரை லாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏங்க, எக்செல்லாவே வாங்கியிருக்கலாமே. உங்க கம்ப்யூட்டர்ல அது திறக்காதா?"

"ஏன் திறக்காது? நல்லாத் திறக்கும். அம்மாதான் சொன்னாங்க, எக்செல்லாக் கேட்டா பன்னெண்டுதான் கண்ணுல காட்டுவாரு, டெக்ஸ்ட் ஃபைலாக் கேளுங்க, மேக்ரோ எழுதுவாரு, அப்ப எல்லாம் தானா வந்துரும்னு. எனக்கு ஒண்ணும் புரியல சார். ஆனா வந்துருச்சு பாருங்க."

காற்புள்ளியார் விடுவிடுவென்று வீட்டுக்குள் போனார். கேட்க நினைத்ததையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டே போனார். மனைவி பாதி காலியான அறையில், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? ஏங்க, இந்த அலமாரி நாலையும் அவங்களே எடுத்துக்குவாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

காற்புள்ளியார் போய்க் கேட்டார்.