தங்கள் தங்கை ஆற்றோடு போகவில்லை

சண்டிலிப்பாய்,
மழை சற்று விட்ட ஒரு பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய தில்லைநாதன் அத்தானுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நல்ல சுகம். இருவரும் என்பதில் தங்கள் தங்கை குணலட்சுமியும் அடக்கம் என்பதை முதல் வரியிலேயே உறுதிப்படுத்திக்கொள்கிறேன். இதை எழுதும்போது அவள் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருக்கிறாள். ஒஸ்லோவில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அந்தக் குளிரிலும் ஒரு குறையுமில்லாமல் இருக்க எங்கள் ஊர்ப் பிள்ளையாரை வேண்டுகிறேன். அவள் செத்துப்போனாள் என்று இணையத்தில் போட்ட கண்ணீர் அஞ்சலியைத் தாங்கள் எடுத்துவிட்டதாக அறிந்தேன், நன்றி. படம் நன்றாக இருந்ததென்று குணம் சொன்னாள். அந்தச் சேலை இப்போது எங்கே என்று அலுமாரியைக் கிளறிக்கொண்டும் திரிகிறாள்.

சென்ற செவ்வாய்க்கிழமை பின்னேரம் தாங்கள் அவளுடைய போனில் அவளோடு கதைத்து, அழுது, பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்லி, "நீரும் ஒரு மனிசனோ காணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். திருப்பி எடுத்துச் சொல்ல என் போன் ஆற்றுக்குள் கிடக்கிறது, அவளுடைய போனில் அவளுக்கு முன்னால் இதைச் சொல்ல முடியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டுத் தாங்களே தீர்மானியுங்கள்.

தங்கள் தங்கை மானிப்பாய்ப் பக்கத்தில் உள்ள பிள்ளைகள் இல்லத்தில் சமைக்கிறாள் என்பதும், சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள் என்பதும் தாங்கள் அறிந்ததே. கோடையில் எனக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. மாரி தொடங்கினால் அவள் திரும்பி வரும்வரை நான் படலையடியில்தான் நிற்பேன். போன மாரியில் கோயில் தேர்முட்டி வளைவில் வழுக்கி விழுந்து முழங்கைத் தோல் போய் வந்தாள், கேட்டதற்குச் சுவரில் உரசினது என்றாள். பிறகொரு நாள் பிரேக் நனைந்து பிடிக்காமல், திறந்து கிடந்த ஒரு வீட்டுப் படலைக்குள்ளால் முற்றம்வரை போய், அறிமுகமே இல்லாத அந்தச் சனத்திடம் தேத்தண்ணியும் குடித்துவிட்டு, கறிவேப்பிலைக் கன்று ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தாள். இந்த மாரி பிறந்ததும் பள்ளக் கிடங்கென்று தெரியாமல் தண்ணீருக்குள் விட்டு, முன்சில்லு எட்டுப்போல நெளிந்து, சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலம் முழுக்க ஒரு அரிசி மூட்டை நனைய விடாதவன் நான். வீட்டில் ஒரு மனிசியை நனையாமல் காக்க முடியவில்லை. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் மோட்டார்சைக்கிளை விற்றாயிற்று, ஓட்டோவில் போ என்றால் வயிற்றைக் குமட்டிச் சத்தி வருமென்கிறாள், பஸ்ஸில் போ என்றால், "பஸ் வந்து நான் போய்ச் சேர, பிள்ளையள் காலைச் சாப்பாட்டை மத்தியானமோ சாப்பிடுறது?" என்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் படத்தை எடுத்து நீட்டுகிறாள், அத்தான். தாங்கள் உறைபனிக்குள் சைக்கிளோடு சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தைத்தான் சொல்கிறேன். "அண்ணை ஐசுக்கு மேலாலை வேலைக்குப் போறார். இது வெறும் தண்ணி தானே" என்கிறாள்.

செவ்வாய் விடிய மழை ஓட்டைப் பிடுங்குவதுபோல அடித்தது. வானொலியில் கடலில் தாழமுக்கம் என்றார்கள். வழுக்கியாறு வீதிக்கு ஏறிவிட்டதென்று பக்கத்து வீட்டுச் சுபாஸ்கரன் வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னார். நான் போய்ப் படலைக்குக் குறுக்கே நின்றுகொண்டேன்.

"இண்டைக்கு நீ போகேலாது."

"இஞ்சாருங்கோ, தள்ளுங்கோ. இந்த மழைக்கு அங்கை வேறை ஆரும் வரமாட்டினம். நானும் போகாட்டி அதுகள் பட்டினி."

"வெள்ளம் இழுத்துக்கொண்டு போனால்?"

"இழுத்தால் நீந்தி வாறன்."

நீச்சல் தெரியாத மனிசி இப்படிச் சொன்னால் ஆருக்குத்தான் கோபம் வராது? "போறதெண்டால் போ. ஆத்தோடை போ" என்று சொல்லிவிட்டேன். அவள் சைக்கிளை உருட்டி என்னைத் தாண்டினாள். மழைக்கோட்டின் தொப்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

படலையைச் சாத்தினேன். சொன்ன சொல் என்னை விட்டுப் போகவில்லை. தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்க முடியவில்லை. அவள் காணாதபடி பின்னால் போய்ப் பார்ப்பதென்று தீர்மானித்தேன். எங்கள் வீட்டில் வேறு சைக்கிள் இல்லாதபடியால் சுபாஸ்கரன் வீட்டு விறாந்தையில் நின்றதை எடுத்துக்கொண்டேன். அது அவருடைய மகளின் சைக்கிள். இளஞ்சிவப்பு நிறம், முன்னால் பூப்போட்ட கூடை, ஒவ்வொரு மிதிக்கும் என் முழங்கால் ஹாண்டிலில் இடித்தது. உரப்பை ஒன்றைப் பிரித்துத் தலையில் போட்டிருந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் மழையையும் பாராமல் நின்று பார்த்தார்கள். தூரத்தில் அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. அவள் திரும்பிப் பார்த்தால் மறைவதற்காக ஒரு லொறிக்குப் பின்னாலேயே போனேன். அந்த லொறி அள்ளி எறிந்த சேறு முழுவதும் என் வாய்க்குள். துப்பிவிட்டு நிமிர்ந்தபோது சங்கிலி கழன்றது. கொழுவி முடித்துப் பார்க்க, வீதியில் மஞ்சளாக ஒன்றும் இல்லை.

மதகடிக்கு வந்தேன், அத்தான். வீதி எது வயல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. ஒரே கபில நிறமாய் ஓடிக்கொண்டிருந்தது. மதகுக் கட்டோடு அவளுடைய சைக்கிள் சாய்ந்து கிடந்தது. சில்லுக்கு மேலால் தண்ணீர் போனது. புல்லுக்குள் சிக்கிய ஒற்றைச் செருப்பு நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அது அவளுடையது. அவளைக் காணவில்லை.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவளை "இஞ்சேர்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று குணலட்சுமி என்று முழுப் பெயரையும் கத்தினேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இறங்கிவிட்டேன். நெஞ்சளவு தண்ணீர். காலுக்குக் கீழே நிலம் நகர்ந்தது. சட்டைப் பையில் இருந்த போன் எப்போது போனதென்று தெரியாது. மதகின் வாயடியில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கனத்தது. அது கனத்தபோது என் உடம்பில் உயிர் இருக்கவில்லை. திரும்பவும் இழுத்தேன். வயலில் ஆரோ நெல்லு மூடிவிட்ட மஞ்சள் படங்கு அது, உள்ளே சேறு. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றேன்.

மகளின் சைக்கிளைத் தேடி வந்த சுபாஸ்கரன்தான் என்னைக் கண்டார். ஆட்களைக் கூப்பிட்டு, கயிறு போட்டு, என்னை மேலே எடுத்தார்கள். நான் திரும்பவும் இறங்கப் போக, இடுப்பில் கட்டிய கயிற்றைக் கழற்றாமல் என்னை ஒரு கம்பத்தோடு கட்டிவைத்தார்கள். அவளுடைய போனுக்கு எடுத்தால் அது எங்கள் சாமியறையில் சார்ச்சில் கிடந்து அடித்திருக்கிறது. இல்லத்துத் தொலைபேசி மழையோடு செத்துப்போயிருந்தது. அப்போதுதான் சுபாஸ்கரன் தங்களுக்குக் குரல் செய்தி அனுப்பினார்: "அண்ணை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ, குணமக்கா ஆத்தோடை போயிட்டா." அவருடைய குரலுக்குப் பின்னால் ஒரு மாடு கத்துவதுபோலக் கேட்டதென்று தாங்கள் குணத்திடம் சொன்னீர்களாம். அது மாடில்லை, நான்.

ஊர் இளம்பெடியள் கரை நீளத்துக்கும் தடியால் குத்திக் குத்தித் தேடினார்கள். ஒவ்வொரு தடியும் எதிலாவது தட்டுப்படும்போது நான் கண்ணை மூடினேன். மத்தியானமாயிற்று. குடை பிடித்த சனம் இரண்டு கரையிலும் கூடிவிட்டது. அந்தச் சனத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஐயோ பாவம். ஆர் அந்த மனிசி, எந்தப் பகுதி?"

"முத்துக்குமாரற்றை மனிசியாம்" என்றார் ஒருவர்.

"எந்த முத்துக்குமாரர்?"

"சங்கக்கடை முத்துக்குமாரர்."

"அப்ப நான் ஆர்?" என்று அந்தக் குரல் கேட்டது.

நடந்தது இதுதான். மதகைக் கடக்க முடியாமல் அவள் நிற்க, ஒரு உழவு இயந்திரம் வந்திருக்கிறது. பெட்டிக்குள் சனம் நிறைந்திருந்ததால் சைக்கிளை ஏற்ற இடமில்லை. சாத்திவிட்டு ஏறியிருக்கிறாள், ஏறும்போது செருப்பு கழன்றிருக்கிறது. போய்ப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். மதகடியில் ஒரு மனிசி போய்விட்டாளாம் என்று கேள்விப்பட்டு, அந்தப் பாவியின் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள்.

சனம் விலகியது. அவள் வெறுங்காலோடு என் முன்னால் வந்து நின்றாள். கம்பத்தையும் கயிற்றையும் உரப்பையையும் பார்த்தாள்.

"இதென்ன கோலம்?" என்றாள்.

சுபாஸ்கரன் கயிற்றை அவிழ்த்தார். அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தேன். விடவில்லை. அத்தனை சனத்துக்கும் முன்னால் வீடுவரை பிடித்தபடிதான் வந்தேன்.

"நான் விடிய சொன்னது..." என்று வழியில் தொடங்கினேன்.

"எனக்கு அது காதிலை விழேல்லை" என்றாள். கேட்டவள்தான், அத்தான்.

இனி என் விண்ணப்பம். இந்த உலகத்தில் அவள் சொல் கேட்கும் ஒரே ஆள் தாங்கள். தயவுசெய்து அவளுக்கு எடுத்துச் சொல்லி, மாரி முடியும்வரை இந்தச் சைக்கிளை நிற்பாட்டி, பஸ்ஸில் போக வையுங்கள். தாங்களும் பனிக்குப் பயந்து சைக்கிளை விட்டுவிட்டதாக ஒரு வார்த்தை எழுதினால் போதும். பொய்தான். அதன் பாவம் என் தலையில் விழட்டும். இன்னொரு தரம் அந்தத் தண்ணீருக்குள் நிற்க என்னிடம் உயிர் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படிப்பிலும் குணத்திலும் ஓங்கி, நீண்ட ஆயுளோடு வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
சி. முத்துக்குமாரு

பிற்குறிப்பு: இந்தக் கடிதம் ஒட்டியபடி ஒரு கிழமையாக மேசையில் கிடந்தது. இன்று உடைத்து இதை எழுதுகிறேன். எழுதி முடித்த மறுநாளே குணம் தானாக, "சரி, உங்களுக்காக பஸ்ஸிலை போறன்" என்று போனாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ் எங்கே நிற்கிறது, இருக்க இடம் கிடைத்ததோ, மிதிபலகையில் தொங்குகிறாளோ, ஒன்றும் தெரியவில்லை. இருப்புக்கொள்ளாமல் அவளுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பஸ் பாதி வழியில் இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி நின்றது. அவள் வீதிக்கரையில் நின்றாள். என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் கரியரில் ஏறி இருந்தாள். இல்லத்தில் வெங்காயம் உரிக்க ஆளில்லை என்றார்கள், உரித்தேன். மறுநாளும் கூப்பிட்டார்கள். பிறகு எனக்கும் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டோம். ஆகவே மேலே நான் கேட்டது எதையும் செய்ய வேண்டாம், பொய்யும் எழுத வேண்டாம். அவள் முன்னால் போகிறாள், நான் பின்னால் போகிறேன், முதுகு தெரிகிறது. எனக்கு அது போதும். படலையடியில் நின்று பெல் அடிக்கிறாள், அத்தான். நேரம் போய்விட்டதாம். வெளிக்கிடுகிறேன்.