பின்னுக்குப் போகாத பற்றிக்

இனி இந்த வீட்டில் கார்ச் சாவியைத் தொடுகிற கை ஒன்றுதான், அது தன் கை என்று பற்றிக் அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்: மனைவி மாகிரட்டும், அன்றைக்குத்தான் படலைக்குள் வந்த பழைய மொறிஸ் மைனரும்.

துறைமுகத்தைக் கையளித்துவிட்டு ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார ஒவ்விசர் ஒருவர் விற்றுப்போன கார். பற்றிக் அதை வாங்கியதே மாகிரட்டின் வாயை அடைக்கத்தான். விபூதிப் புதனன்று, நெற்றிச் சாம்பல்கூட உதிரவில்லை, "எங்களுக்கேன் கார்? உங்களுக்கு அது சரிவராது" என்று தொடங்கினவள், தவக்காலம் முழுக்க அதையே செபமாலை மாதிரி உருட்டினாள். உயிர்த்த ஞாயிறு கழிந்த திங்கள், பற்றிக் காரோடு வந்து நின்றார்.

மாகிரட் மலாயாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கலியாணம் முடித்துத்தான் கப்பலில் திருகோணமலைக்கு வந்தாள். மலாயாவில் என்ன இருந்தது என்று பற்றிக் ஐந்து வருடமாக ஒரு நாளும் கேட்டதில்லை. றப்பர்க் காடும் யானையும் இருந்திருக்கும் என்று அவரே முடிவு கட்டியிருந்தார்.

காரில் ஒரு குறையும் இல்லை. குறை பற்றிக்கிடம்தான். அவருக்கு றிவேர்ஸ் வராது. முன்னுக்கு விட்டால் கண்டி வரைக்கும் போவார். பின்னுக்கு ஒரு முழம் போகச் சொன்னால் வியர்த்துவிடும். ஆகவே பின்னுக்குப் போகத் தேவையில்லாத உலகம் ஒன்றைக் கட்டினார். பின்வேலியை வெட்டி இரண்டாவது படலை வைத்தார், காற்றோட்டத்துக்காம். கோயிலடியில் மரநிழலைத் தவறவிட்டால் முழுக் கோயிலையும் சுற்றி வருவார். மூன்றாவது சுற்றில் பங்குச் சுவாமி, இது ஏதோ நேர்த்திக்கடனாக்கும் என்று எண்ணி ஆசீர்வதித்தார்.

மாகிரட் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரே ஒரு நாள், தானும் காரை ஓடிப் பார்க்கட்டோ என்று கேட்டாள்.

"என்னால ஓட ஏலாத இடமெண்டு ஒண்டைக் காட்டும், சாவியைத் தந்திடுறன்," என்றார் பற்றிக்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவுக்குப் போவம்."

கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் நடுவே கடல் கிடக்கிறது. வாகனங்களைப் 'பாதை' என்கிற மிதவையில் ஏற்றித்தான் கடத்துவார்கள். பற்றிக் முந்திக்கொண்டு ஏறினார். பின்னால் ஒரு மாட்டு வண்டில். அக்கரை தட்டியதும் பாதைக்காரர் ஜமால்தீன் வந்து கார்க் கண்ணாடியில் தட்டினார்.

"முன்பக்கத்து எறங்குற பலகை ஒடஞ்சி ஒரு கிழமையாகுது தொர. அதாலதான் பாதையத் திருப்பிக் கட்டுறம். ஏறின வழியாலதான் எறங்கணும். பின்னுக்கு எடுங்க."

பற்றிக் இறங்கிப் பொனற்றைத் திறந்தார். என்ஜின் கொதிக்கிறது, ஆறட்டும் என்றார். வண்டில் பின்னுக்கே போய்ப் பக்குவமாக இறங்கிற்று. மாடுகள் பற்றிக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் போயின.

என்ஜின் ஆறவே இல்லை. பாதை வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு இக்கரைக்குத் திரும்பியது. இங்கேயும் அதே கதை. மூன்று தரம் போய் மூன்று தரம் வந்தார்கள். கடற்காற்று உடம்புக்கு நல்லதென்று பற்றிக் விளக்கினார். நாலாம் தரம் கிண்ணியாக் கரை தட்டியபோது விளக்கமும் தீர்ந்துபோயிற்று.

"இஞ்சேருங்கோ," என்றாள் மாகிரட் மெல்ல. "கால் நோகுதோ?"

காலில் ஒரு நோவும் இல்லை. ஆனாலும் தப்பியோட ஒரு படலை திறந்திருப்பது பற்றிக்குத் தெரிந்தது. "ஓம்... கொஞ்சம் நோகுது."

"அப்ப சாவியைத் தாங்கோ."

அவள் செருப்பைக் கழற்றினாள். கழுத்தைத் திருப்பினாள். ஊசியில் நூல் கோத்த மாதிரிக் கார் பலகையால் இறங்கிக் கரையில் நின்றது.

"மாஷா அல்லாஹ்," என்றார் ஜமால்தீன். "தங்கச்சிக்கு நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க தொர."

பற்றிக் தொண்டையைச் செருமினார். "ஓம். பெரும்பாடு பட்டனான்."

மாகிரட் மறுக்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஏறியபிறகுதான் பற்றிக்குப் பொலிஸின் நினைவு வந்தது. லைசன் இல்லாமல் ஓடினால் பிடித்து மறியலில் போடுவார்கள் என்று பதறினார். அவள் கைப்பையைத் திறந்து ஒன்றை நீட்டினாள். பத்தொன்பது வயதில் மலாயாவில் எடுத்ததைக் காட்டி, இங்கே மாற்றி எடுத்த இலங்கை லைசன்.

பற்றிக் திகதியைப் பார்த்தார். அந்த விபூதிப் புதனுக்கு முதல் நாள்.