பண்டுங் நிறத்தில் ஒரு கூரைப் புடவை

தெரியாத விஷயத்தைப் பற்றிச் சும்மா இருக்க எனக்கு இன்றுவரை வரவில்லை. கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தபோது, வெளிநாடு போகும்போது கைப்பேசிக் கட்டணத்தைத் தவிர்ப்பது எப்படி என்று அரைப் பக்கக் கட்டுரை எழுதினேன். அதுவரை நான் போயிருந்த வெளிநாடு சிங்கப்பூர் மட்டும்தான். அதுவும் காலையில் போய் மாலையில் திரும்பிய பயணம். (போகும்போதே பேட்டரி தீர்ந்துவிட்டது. கட்டணம் வராததை என் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.)

கட்டுரையை யாரும் பாராட்டவில்லை. ஆனால் கிள்ளானில் எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது, ஏனென்றால் வீட்டுக் கைப்பேசிகள் எல்லாம் என் பெயரில் இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் தங்கை சுமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பக்கத்து ஊரான பந்திங்கைச் சேர்ந்தவர். கூரைப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு முறை. எடுத்தால் காஞ்சிபுரத்தில்தான் எடுப்பேன் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். துணைக்கு என் அம்மா. சுமதிக்கு ஷா ஆலம் அலுவலகத்தில் அத்தனை நாள் விடுப்பு கிடைக்கவில்லை. புடவையை வீடியோ காலில் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணச் சாமான் வாங்கப் போன அன்று, சாப்பாட்டுக் கடையில் பண்டுங் வந்தது. ரோஸ் சிரப்பில் பால் கலந்த நம் ஊர் பானம். கிளாஸை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.

"மா, இந்தக் கலர். வேற எதுவும் வேணாம்."

"உன் மாமியார் பச்சைன்னு சொல்லிட்டு இருக்காங்களேடி."

"பச்சை அவங்க கட்டட்டும் லா. கல்யாணம் எனக்குத்தானே."

அம்மா தட்டிலிருந்த மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறினார். பெண்ணின் ஆசையைச் சம்பந்திக்கு வருத்தமில்லாமல் நிறைவேற்றும் பொறுப்பு அந்த நிமிடம் அவர் தலையில் விழுந்தது. அதை நான் வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் அம்மாவின் கைப்பேசியைக் கைப்பற்றினேன். டேட்டாவை அணைத்தேன். கடைகளில் இலவச வைஃபை கொடுத்தால் தொடவே கூடாது, வங்கிக் கணக்கு போய்விடும் என்றேன். நாலு நாளுக்கு அங்கே சிம் வாங்குவது வீண் செலவு என்றேன்.

"அப்ப எப்படிடா பேசுறது?"

"நீங்க யாரையும் கூப்பிடாதீங்க. நான் கூப்பிடுறேன். வர்ற காலுக்குக் காசு கிடையாது."

இந்த வாக்கியத்தை நான் எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வீடியோ இல்லாம நான் எப்படிண்ணே கலர் பார்க்குறது?" என்றாள் சுமதி. "ஒரு போட்டோவாவது அனுப்பட்டும்."

"ஒரு போட்டோவுல ஆரம்பிக்கும். வீட்டை வித்துத்தான் முடியும். படமே இல்லாத செய்திக்கு நான் தினமும் எழுதுறேன். கலரை வாயால சொன்னா போதும், நான் புரிஞ்சிக்குவேன்."

சுமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் அதைப் பிரமிப்பு என்று நினைத்தேன்.

புடவை எடுக்கும் நாள் வெள்ளிக்கிழமை. முதலில் ராகு காலத் தகராறு. இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கிள்ளான் நேரத்துக்கு ராகு காலம் முடிந்திருந்தது. காஞ்சிபுரத்தில் இன்னும் தொடங்கவில்லை. கல்யாணம் கிள்ளானில் நடப்பதால் கிள்ளான் நேரம்தான் கணக்கு என்பது அம்மாவின் வாதம். புடவை இருக்கும் ஊரின் நேரம்தான் புடவைக்குச் செல்லும் என்பது சம்பந்தியம்மாவின் வாதம். சம்பந்தியம்மா ஜெயித்தார். ஆகவே அங்கே பத்தரை மணிக்குள் புடவையை எடுத்தாக வேண்டும். கடை திறந்ததும் உள்ளே போய்விட்டார்கள். நான் அழைத்தேன். அரை நாள் லீவு போட்டு வந்திருந்த சுமதி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"தம்பி, இங்க கடைக்காரர் வைஃபை இருக்கு, வீடியோ போட்டுக்குங்கன்னு சொல்றாரு," என்றார் அம்மா.

"வேணாம்னு சொல்லுங்க."

"மகன் வேணாங்குறான்," என்று அம்மா அவரிடம் சொல்வது கேட்டது. "பேப்பர்ல வேலை."

"என் போன்ல போட்டுத் தரட்டுங்களா?" என்றது கடைக்காரரின் குரல்.

"தெரியாதவங்க போனைத் தொடாதீங்கம்மா," என்றேன். ஸ்பீக்கர் அந்தப் பக்கமும் போட்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. கடைக்காரர் அதற்குமேல் எதுவும் தரவில்லை.

பண்டுங் என்றால் என்ன என்று அம்மா விளக்க, "ரோஸ் மில்க் கலர்" என்று அவர் உடனே பிடித்துக்கொண்டார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் எடுத்துப் போட்டது பதினோரு ரோஸ் மில்க் கலர்.

"எந்த மாதிரின்னு கேளுண்ணே," என்றாள் சுமதி.

"எந்த மாதிரிம்மா?"

"ஒண்ணு பால் ஜாஸ்தி. ஒண்ணு சிரப் ஜாஸ்தி. ஒண்ணு சிரப் பாட்டிலைக் கழுவி ஊத்தின மாதிரி."

"நான் கேட்டது ஐஸ் பாதி கரைஞ்ச கலர்," என்றாள் சுமதி.

ஐஸ் கரைவதில் காஞ்சிபுரம் தடுமாறியது. இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. துல்லியம் வேண்டுமென்றால் அளவு வேண்டும். அடுப்படிக்குப் போய் சிரப், பால், தண்ணீர், ஐஸ் எல்லாவற்றையும் கரண்டிக் கணக்கில் கலந்தேன். சுமதி தலையாட்டும்வரை கலந்தேன். மூன்றாவது கிளாஸில் தலையாட்டினாள். (முதல் இரண்டையும் குடித்தது நான்தான்.) அந்த அளவைத் தொலைபேசியில் சொல்லி, அதேபோல ஒரு கிளாஸ் வரவழைக்கச் சொன்னேன்.

பட்டுப் புடவைக் கடைக்குள் ரோஸ் மில்க் வரவழைக்கச் சொன்ன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். கடைக்காரர் தயங்கினார். அம்மா கெஞ்சினார். பக்கத்துக் கடையிலிருந்து கிளாஸ் வந்தது.

இதற்கிடையில் சம்பந்தியம்மா தன் மடியில் ஒரு பச்சைப் புடவையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை அவர் கடைக்குள் நுழைந்ததுமே எடுத்துவிட்டாராம்.

"சம்பந்தி, மணி ஆகுது," என்றார். "பச்சை நல்லா இருக்கு பாருங்க. கங்கோங் கீரையாட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சி."

"கல்யாணத்துக்கு நான் கங்கோங் கட்டணுமா?" என்று சுமதி என் காதில் முணுமுணுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"மா, கிளாஸைப் புடவைக்குக் கிட்ட வெச்சுப் பாருங்க."

"ஒரு கையில போன் இருக்குடா."

"இன்னொரு கை இருக்குல்ல. இன்னும் கிட்ட."

பிறகு ஒரு சத்தம். பிறகு அமைதி. அந்த அமைதியும் கட்டணத்தில் ஓடியது என்பது எனக்கு அப்போது தெரியாது.

"என்னாச்சும்மா?"

"ஊத்திருச்சு," என்றார் அம்மா.

"எது மேல?"

"பச்சை மேல."

கிளாஸ் எப்படிச் சாய்ந்தது என்பதில் இரண்டு தரப்புகள் உண்டு. இரண்டையும் பதிவு செய்வது என் கடமை. அம்மாவின் கை வழுக்கியது என்பது ஒன்று. சம்பந்தியம்மாவின் முழங்கை இடித்தது என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்பவர் என் அம்மா மட்டுமே. மெல்லிய குரலில், கதவைச் சாத்திய பிறகு சொல்வார்.

கடைக்காரர் ஓடி வந்து துடைத்தார். உள்முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இளஞ்சிவப்புக் கறை நின்றுவிட்டது. கொசுவத்துக்குள் மறைந்துவிடும் இடம்தான் என்றார். ஆனால் நனைந்த பட்டை இனி யாருக்கும் விற்க முடியாது என்றும் சொன்னார். கூரை என்று ஒன்றுதான் எடுக்க வேண்டும், ஒன்றுக்கு இரண்டு எடுப்பது முறையில்லை என்றார் சம்பந்தியம்மா. அதற்குள் பத்தரை நெருங்கியிருந்தது.

"இதையே கட்டிக் குடுத்திடுங்க," என்று கடைக்காரரிடம் சொன்னார் அவர். "அவளுக்குன்னு இருந்திருக்கு."

சுமதி மேசையிலிருந்த மூன்றாவது கிளாஸ் பண்டுங்கை எடுத்து மெதுவாகக் குடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "படமில்லாத செய்தி," என்றாள்.

அடுத்த மாதம் அம்மாவின் எண்ணுக்குக் கட்டணம் வந்தது. மலேசியாவுக்குள்தான் வரும் அழைப்பு இலவசம். வெளிநாட்டில் இருக்கும்போது எடுக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் பிடிப்பார்கள். என் கட்டுரையில் டேட்டாவைப் பற்றி ஏழு பத்தி இருந்தது. இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தொகையை அப்பா இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் காசுக்கு சுமதியையே பிளைட்ல அனுப்பியிருக்கலாம்," என்றார். "புடவையைத் தொட்டுப் பார்த்துட்டு, ரோஸ் மில்க்கும் குடிச்சிட்டு வந்திருப்பா."

கல்யாணம் நன்றாக நடந்தது. பச்சை அவளுக்கு எடுப்பாகவே இருந்தது; அதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது அளவுக்கு மீறிய நம்பிக்கையோடு சொன்னால், "வர்ற காலுக்குக் காசு கிடையாது," என்று ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். விசேஷங்களில் பண்டுங் ஜாடி வந்தால் பட்டு கட்டியவர்களைச் சம்பந்தியம்மாவே என் பக்கத்திலிருந்து எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைக்கிறார். நான் அதற்குப் பிறகு பல முறை வெளிநாடு போய்விட்டேன். போனதும் முதல் வேலையாக அந்த ஊர் சிம் வாங்குகிறேன். ஓட்டல் வைஃபையில் வீட்டுக்கு வீடியோ போடுகிறேன். சுமதி திரையில் வந்ததும், "உன் சட்டை என்ன கலர்ண்ணே, வாயால சொல்லு," என்பாள்.

போன தீபாவளிக்கு அந்தக் கூரையை அவள் பெட்டியிலிருந்து எடுத்தாள். உள்முனையில் கறை இன்னும் இருந்தது, சற்று வெளுத்து. நல்ல சலவைக் கடையில் கொடுத்தால் சுத்தமாக எடுத்துவிடுவார்கள், செலவு என்னுடையது என்றேன்.

"வேணாம்ண்ணே," என்றாள், அந்த இடத்தை மட்டும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து. "இந்தப் புடவையில நான் கேட்ட கலர் இங்க மட்டும்தான் இருக்கு."