பணம் கட்டும் பக்கம் வரை வந்தவர்கள்

காலையிலிருந்து நான்கு பேர் சிட்டுவின் கடைக்கு வந்திருந்தார்கள். நான்கு பேரும் ஆளுக்கொரு நாய்ச் சட்டையை எடுத்துக் கூடையில் போட்டார்கள், பணம் கட்டும் பக்கம் வரை வந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போனார்கள். நேற்றும் இதே கதை. முந்தாநாளும் இதேதான்.

"அந்தப் பக்கத்துல அப்படி என்னதான் இருக்கு? பேயா?" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"கார்டு நம்பர் போடற கட்டம் இருக்கு. சில பேருக்கு அது பேய் மாதிரிதான்" என்றான் கணவன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

வீட்டின் சின்ன அறைதான் கடை. அலமாரி முழுக்க அவள் கையால் பின்னிய அறுபது கம்பளிச் சட்டைகள். கழுத்து நீண்ட நாய்க்கு ஒன்று, வயிறு பெருத்த நாய்க்கு ஒன்று, வயதாகி முதுகு வளைந்த நாய்க்கு ஒன்று என்று அளவு பார்த்துப் பின்னியவை. ஆன்லைனில் கடை திறந்து இரண்டு வாரம் ஆகிறது. ஒரு சட்டைகூட வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

இதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். நாத்தனாரின் ஃபோனைத்தான் தாங்க முடியவில்லை.

சிட்டு கடை போடப்போகிறாள் என்று தெரிந்த மறுவாரமே, நாத்தனார் பூனைகளுக்கு மெத்தை தைத்து விற்கும் கடையைத் திறந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் ஃபோன் வரும்.

"என்னடி சிட்டு, வியாபாரம் எப்படி?"

"பரவாயில்ல அண்ணி. உங்களுக்கு?"

"அதை ஏன் கேக்கறே! பணம் கட்டற பக்கத்துல மட்டும் தினம் ஆறு பேராவது வந்து நிக்கிறாங்க. எனக்கு மூச்சு விட நேரமில்ல."

சிட்டு ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுடி. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு. ஒண்ணுகூடப் போகலேன்னா மொத்தத்தையும் என் கடையில போட்டுடலாம். என் மெத்தைக்குக் கீழ, ஓரமா உன் சட்டை."

"நல்ல யோசனைதானேக்கா!" என்று பக்கத்திலிருந்து கத்தினான் கணவன். பேச்சு முடிந்துவிட்டது. ஒரு சட்டையாவது விற்க வேண்டும். இல்லாவிட்டால் அறுபதும் நாத்தனார் வீட்டுக்குப் போகும்.

"ஓரமாவாம், ஓரமா" என்று அன்றிரவு சாப்பாட்டுக்கு நடுவே மூன்று முறை சொன்னாள் சிட்டு.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். ஆன்லைன் கடைக்காரி யாருடைய கார்டையும் கையால் தொடுவதில்லை. நடுவில் ஒரு கம்பெனி நிற்கிறது. அது வாங்குபவரின் கார்டு எண்ணைப் பெற்று, அவருடைய வங்கியிடம் "இவர் கணக்கில் பணம் இருக்கிறதா, எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கும். வங்கி தலையாட்டினால், பணத்தை வாங்கி, தன் பங்கைக் கிள்ளிக்கொண்டு, மிச்சத்தை இரண்டு நாளில் கடைக்குத் தரும். இத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும். இப்படிப்பட்ட கம்பெனிகள் ஏராளம். ஒன்று அதிகமாகக் கிள்ளும், ஒன்று மாத வாடகை கேட்கும், ஒன்று பணத்தை ஒரு வாரம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் சின்னக் கடைக்காரர்களின் தலைவலி.

சிட்டு மறுபடியும் நாத்தனார் கடையின் பணம் கட்டும் பக்கத்துக்குப் போய், அடியில் பொடி எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? என் கம்பெனி ஆளை வேற ஏதோ பக்கத்துக்கு இழுத்துட்டுப் போகுது. உங்க அக்கா கம்பெனி கடைக்குள்ளேயே பணத்தை வாங்கிக்குது. வாசல் தாண்டச் சொன்னா யாருக்குத்தான் பயம் வராது? அதான் ஓடறாங்க."

அன்றே அந்தக் கம்பெனிக்கு மாறினாள். மாத வாடகை உண்டு. பரவாயில்லை.

மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் ஓடினார்கள்.

அதைவிடப் பெரிய இடி, நாத்தனார் கடையில் இப்போது வேறு கம்பெனி இருந்தது!

"ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டாங்க! அதைவிட நல்லது ஏதோ கெடைச்சிருக்கு. நம்மகிட்ட சொன்னாங்களா பாருங்க!"

"நீ மாத்தினதை அவகிட்ட சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்?"

கணவன் செய்தித்தாளை இன்னும் உயரமாகப் பிடித்துக்கொண்டான்.

சிட்டுவும் அதற்கே மாறினாள். இந்த மூன்றாவது கம்பெனி பாதுகாப்பில் புலி. கடவு எண் கேட்டது, ஃபோனுக்கு வந்த எண் கேட்டது, பிறகு ஒன்பது படங்களைக் காட்டி எதிலெல்லாம் சைக்கிள் இருக்கிறது என்று கேட்டது. மனைவி முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்த கணவன், அலுவலகத்திலிருந்து தானே ஒரு சட்டை வாங்கிவிடலாம் என்று பார்த்தான். அவர்களிடம் நாய் கிடையாது. ஆனாலும் ஒரு விற்பனை விற்பனைதானே.

சாயங்காலம் தொங்கிய முகத்தோடு வந்தான்.

"சிட்டு, என் கார்டை வேண்டாம்னு தள்ளிட்டாங்க. நான் சந்தேகத்துக்குரிய ஆளாம்."

"கம்பெனிக்கு இப்பத்தான் தெரியுதா?"

அன்று ஓடியவர்கள், கணவனைச் சேர்க்காமல், பதினொரு பேர்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். பேசிய பெண் பொறுமைசாலி.

"மேடம், எங்க பக்கம் எந்தக் கோளாறும் இல்ல. ஒரே ஒருத்தரைத் தவிர, வர்றவங்க யாரும் கார்டு நம்பர்ல முதல் எண்ணைக்கூடப் போடல. பக்கத்தைத் திறக்கறாங்க, அடி வரைக்கும் இழுத்துப் பாக்கறாங்க, மூடிடறாங்க."

"அடியில என்னத்தைப் பாக்கறாங்க?"

"அது எங்களுக்குத் தெரியாது மேடம்."

அடியில்தான் குறை என்று முடிவு கட்டினாள் சிட்டு. பூட்டுப் படம் போட்டாள். "நூறு சதவீதம் நம்பகம்" என்று எழுதினாள். நாத்தனார் பக்கத்தில் தவணை முறை பட்டன் முளைத்திருப்பதைப் பார்த்துவிட்டு நான்காவது கம்பெனியைக் கொண்டுவந்து அதையும் சேர்த்தாள். ஒரு நாய்ச் சட்டையை ஆறு தவணையில் வாங்கலாம். பழைய கம்பெனிகளின் பட்டன்களையும் விடவில்லை. இப்போது பக்கம் முழுக்க ஏழு பட்டன்கள்; விமானி உட்காருகிற இடம்போல் இருந்தது.

அவளுக்கு வேறு வேலையே ஓடவில்லை. பல் தேய்க்கும்போது நாத்தனார் பக்கம். குக்கர் விசிலுக்கு நடுவே நாத்தனார் பக்கம். ஊசியைக் கையில் எடுத்தால் இரண்டு வரிசை பின்னுவதற்குள் ஃபோனைத் தேடும் விரல்.

சாயங்கால ஃபோன் மட்டும் தவறவில்லை.

"இன்னிக்கு எத்தனை தெரியுமாடி? பத்தொம்போது பேர்!"

சிட்டுவிடமிருந்து அன்று ஓடியவர்கள் இருபத்திரண்டு பேர். அதை நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது? "எனக்கும் கூட்டம்தான் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஃபோனை வைத்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு நாத்தனாரின் கணவர் ஆறு காலி அட்டைப்பெட்டிகளோடு வாசலில் நின்றார். லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அதிகம் பேச மாட்டார்.

"உங்க அண்ணி எடுத்துட்டு வரச் சொன்னாம்மா."

"எடுத்துக்கோங்கண்ணா" என்றாள் சிட்டு. முதல் பெட்டியில் வைப்பதற்காக எடுத்த சட்டையை வைக்க மனமில்லாமல் மடித்து மடித்து விரித்தாள். "நாலு கம்பெனி மாத்திப் பாத்துட்டேண்ணா. பணம் கட்டற பக்கம் வரைக்கும் வர்றாங்க, ஓடிடறாங்க."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "யார் யார் வந்தாங்கன்னு பட்டியல் இருக்கா?"

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். எல்லா வரியிலும் ஒரே சட்டை: குட்டி நாய் அளவு, ஒன்று.

"கடையில முதல்ல இருக்கறது இதுவா?"

"ஆமாண்ணா. எதையாவது கூடையில போட்டாத்தானே அந்தப் பக்கமே திறக்கும்."

"சரி. நீ உங்க அண்ணி கடைக்குப் போனா எதை எடுத்துக் கூடையில போடுவே?"

சிட்டு கணவனைப் பார்த்தாள். கணவன் கூரையைப் பார்த்தான்.

"பூனைக்குட்டி மெத்தை" என்றாள் மெதுவாக. "ஒண்ணு. சும்மா, எந்தக் கம்பெனின்னு பாக்கறதுக்கு."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"எண்ணினதில்லண்ணா."

"அங்க எண்ணி வச்சிருக்கு. நேத்து பத்தொம்போது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டையாக மடிக்க ஆரம்பித்தார்.

"லிஃப்ட் ஆளில்லாம ஏறி இறங்கினா, நாங்க மெஷினைக் கழட்ட மாட்டோம்மா. யாரு பட்டனை அமுக்கறாங்கன்னுதான் பாப்போம்."

"அப்ப நான் எந்தக் கம்பெனியை வச்சுக்கறதுண்ணா?"

"எதை வேணா வச்சுக்கோ. நீ அவ கடைக்குப் போறதை நிறுத்து, அவ இங்க வர்றதை நான் நிறுத்தறேன். ரெண்டு கடைக்கும் இதுவரைக்கும் வந்த ஆளுங்களே நீங்க ரெண்டு பேரும்தான்."