பெட்ரோல் முள்ளுக்கு ஒரு முத்திரை

கீழே வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என்னைப் புளுகன் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரும் வாயைத் திறந்தால் பொய்தான் பேசுவார்கள். ஆகவே சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தராசு என்று ஊர் கூப்பிடுகிற மனிதர் தன்னுடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். மனைவி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பெட்ரோல் இல்லைன்னு முள்ளு காட்டுச்சா இல்லையா?" என்றாள் மூச்சு வாங்க.

"காட்டுச்சு."

"அப்புறம் ஏன் போடலை?"

"அது பொய் சொல்லுது. போன ஞாயிறு நானே டேங்க் நிறைய ஊத்தி ஷெட்டுல விட்டேன். வாரம் பூரா நின்ன இடத்துலயே நின்னுச்சு. நின்ன வண்டி பெட்ரோல் குடிக்குமா?"

"அப்ப ஏன் வண்டி ஓடலை?"

"அது வேற கோளாறு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. கார்புரேட்டர்ல அடைப்பு."

பெட்ரோல் பங்க் வந்தது. ஊற்றியதும் வண்டி சிட்டாகப் பறந்தது.

"இப்ப மட்டும் எப்படி ஓடுது?"

"அடைப்பு அதுவா விலகிடுச்சு."

மனிதர் முட்டாள் இல்லை. கடை கடையாகப் போய் எடைக்கல்லையும் படியையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க ஆய்வாளர். கால் கிராம் குறைந்தாலும் கடைக்காரரைக் கலங்க அடிப்பார். அதனால்தான் தராசு என்ற பெயர். சொந்தப் பெயர் அவருக்கே சம்பளம் வாங்கும்போதுதான் ஞாபகம் வரும். ஊரிலுள்ள அளவுகளையெல்லாம் உண்மை பேச வைத்தவர் வீட்டிலேயே ஒரு முள் புளுகிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு முக்கால் டேங்கில் நிறுத்தினால் அடுத்த ஞாயிறு காலியைக் காட்டும். கால் டேங்கில் நிறுத்தினால் ஒரு சொட்டு ஊற்றாமலேயே நிறைந்துவிட்டதாகச் சொல்லும்.

வீடு வந்ததும் மனைவி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"தம்பிக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் ஒருத்தர் இந்த வண்டி மேல உசிரா இருக்காராம். அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வரச் சொல்றேன். அதுக்குள்ள முள்ளு நிஜம் பேசணும். பேசலைன்னா வண்டி அவரோட போகுது."

"நாக்கு தவற மாட்டியே?"

"மாட்டேன். நீங்களும் மாட்டீங்கன்னு எங்கம்மா முன்னாடி சொல்லுங்க."

கூடத்து மூலையில் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வேலைக்குப் போனபின் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷி.

"அத்தை முன்னாடியே சொல்றேன்," என்றார் தராசு. "சரி பண்ணலைன்னா நானே சாவியைக் கையில கொடுக்கிறேன்."

மாமியார் ஒரு பட்டாணியைக் கீழே தவற விட்டார். அவ்வளவுதான்.

அந்தக் காரைத் தவிரத் தராசுக்கு வேறு சொத்து, சுகம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வந்தவர் காப்பிகூடக் குடிக்காமல் காருக்கு அடியில் புகுந்தார். பாடியோடு சேரும் எர்த் வயர் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், இறுக்கினார். முள் அரை டேங்கில் அசையாமல் நின்றது. விசில் அடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை வந்து பார்த்தால் முள் கால் டேங்கில் நின்றது. போதாக்குறைக்கு இண்டிகேட்டர் போட்டால் அதனோடு சேர்ந்து துடித்தது.

"இது முன்னேற்றம்," என்றார். "நோய் வெளியே வருது."

டாஷ்போர்டைக் கழற்றினார். முள்ளுக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக வைக்கிற சின்ன டப்பா ஒன்று உள்ளே இருந்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினார். மாட்டியது தலைகீழாக. இப்போது ஹாரன் அடித்தால் முள் எகிறி 'நிறைவு' என்றது. வைப்பரைப் போட்டால் அதோடு கூடவே இடமும் வலமுமாக ஆடியது.

மனைவி ஜன்னலில் கை ஊன்றி வேடிக்கை பார்த்தாள்.

"மழையில ஹாரன் அடிச்சுக்கிட்டே போனா நமக்குப் பெட்ரோலே செலவாகாது போல."

"சிரி. ஞாயிற்றுக்கிழமை யாரு சிரிக்கிறாங்கன்னு பார்ப்போம்."

"பல் டாக்டர் சிரிப்பாரு. அவருக்குப் பல் நல்லா இருக்குமே."

புதன்கிழமை மாலை முள் காலிக்குக் கீழே கிடந்தது. தராசு உதட்டைக் கடித்துக்கொண்டு போய் நாலு கேன் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றினார். மறுநாளுக்கு லீவு போட்டார். சர்வீசில் அவர் லீவு போட்டதில்லை. மேலதிகாரி பதறிப்போய் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

"உடம்பு நல்லா இருக்கு சார். ஒரு பொய்யனைப் பிடிக்கணும்."

வியாழக்கிழமை டேங்கையே இறக்கிவிட்டார். உள்ளே இருந்த பெட்ரோலை வைக்கப் பாத்திரம் போதவில்லை. சமையலறையிலிருந்த அண்டா, குண்டான், டிபன் கேரியர், கடைசியில் மாமியாரின் வெந்நீர் ஃபிளாஸ்க் என்று எல்லாம் நிறைந்தன.

"அடுப்பைப் பத்த வைக்கலாமா?" என்று மனைவி ஆபீசிலிருந்து போனில் கேட்டாள்.

"பாத்திரமும் இல்லை, பத்த வைக்கவும் கூடாது. வர்றப்ப சாப்பாடு வாங்கிட்டு வந்துடு."

மாமியார் அன்று நிலைகொள்ளாமல் இருந்தார். ஷெட் வாசலுக்கு வந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"எப்ப முடியும் மாப்பிள்ளை?"

"ஏன் அத்தை?"

"சும்மாதான். நாளைக்காவது முடிஞ்சுடுமா?"

"கட்டாயம்."

"அப்ப சரி," என்று உள்ளே போய்விட்டார். நல்ல உள்ளம் என்று தராசு நெகிழ்ந்தார்.

டேங்குக்குள் முள்ளை ஏற்றி இறக்கும் மிதவையில் ஊசித்துளையாக ஒரு ஓட்டை. அதை வீசிவிட்டு, தைலப் பாட்டிலின் தக்கையைச் செதுக்கி மாட்டினார். பிறகு தன் தொழில்முறைப்படி இறங்கினார். ஆபீஸ் பித்தளைப் படியால் லிட்டர் லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு லிட்டருக்கும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். இந்த முறை முள் தூங்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு ஏறியது. டேங்க் நிறைந்தது. முள்ளும் நிறைவைத் தொட்டது.

தராசு கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் பெட்டியைத் திறந்தார். கம்பி கோத்து, ஈயம் வைத்து, இடுக்கியால் அழுத்தி, அந்த மீட்டருக்குச் சட்டப்படி அரசாங்க முத்திரை குத்தினார். ஹாரனும் வைப்பரும் ஓய்ந்திருக்கும்போது மட்டும் செல்லும் என்று வாயால் ஒரு நிபந்தனையும் சொல்லிவைத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை முத்திரை அப்படியே இருந்தது. முள் பாதியில் இருந்தது.

தராசு கார் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் முத்திரை குத்திய எதுவும் அதுவரை பொய் சொன்னதில்லை. ஓட்டை ஒழுகலா என்று தரையைத் தடவினார், காய்ந்து கிடந்தது. ஆவியாகிறதா என்று மூடியை மோந்து பார்த்துத் தும்மினார். பிறகு எழுந்தார். விடுகிற ஜாதி இல்லை.

சனிக்கிழமை மறுபடி டேங்கை நிரப்பினார். ஒரு ஸ்டூலைப் போட்டு முள்ளுக்கு எதிரே உட்கார்ந்தார். சாப்பாடு அங்கேயே வந்தது. பொழுது சாயும்வரை முள் இம்மிகூட நகரவில்லை.

"புரிஞ்சுடுச்சு," என்றார் மனைவியிடம். "கடைக்காரங்க மாதிரிதான் இதுவும். நான் நிக்கிற வரைக்கும் அளவு சரியா இருக்கும். தலை மறைஞ்சா குறையும்."

"முள்ளு உங்களைப் பார்த்துப் பயப்படுதா?"

"ஆமா."

"வீட்டுல பயப்பட அது ஒண்ணாவது இருக்கே."

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் பல் டாக்டரை அழைத்து வந்தான். டாக்டர் காரைக் கண்டதும் வெகுநாள் பாராத பிள்ளையைப் பார்த்தவர்போல் அதன் முதுகைத் தடவினார்.

மனைவி தராசைப் பார்த்தாள். "சொல்லுங்க. முள்ளு நிஜம் பேசுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். டேங்க் நிறைந்திருந்தது, முள்ளும் நிறைவில் இருந்தது. ஆனால் அளவு விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"நான் இருந்தா பேசுது. இல்லேன்னா பேசலை."

"அப்ப?"

தராசு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். மைத்துனனுக்கே மனசு கேட்கவில்லை.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க டாக்டர். உங்களுக்குப் பிடிக்காமகூடப் போகலாம்."

"ஓட்டி என்னத்தைப் பார்க்க," என்றார் டாக்டர். "அதான் வாராவாரம் பார்க்கிறேனே. முந்தாநாள்கூட மலைப்பாதை வளைவுல என் வண்டியை முந்திக்கிட்டு அம்பு மாதிரி போச்சு. நான் வழி விடறதுக்குள்ள ஆளையே காணோம்."

"முந்தாநாளா?" என்றார் தராசு. "யாரு ஓட்டினது?"

டாக்டர் கூடத்துப் பக்கம் கை காட்டினார். "அதோ, பட்டாணி உரிக்கிறாங்களே, அந்த அம்மாதான்."

எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மாமியார் மட்டும் தலை நிமிராமல் அடுத்த காயை எடுத்தார்.

"நான் ஹாரன் அடிச்சேனே தம்பி. நீங்கதான் நகரலை."

"அம்மா," என்றாள் மகள். "பெட்ரோல்?"

"தீர்ந்தா போட்டு வைப்பேன். சில வாரம் மறந்துடும்." பிறகு மாமியார் மருமகனைப் பரிவோடு பார்த்தார். "முள்ளு எப்பவும் ஒழுங்காத்தான் இருந்துச்சு மாப்பிள்ளை. நீங்க ரிப்பேர் பண்ணினப்புறம்தான் ஹாரன் அடிச்சா எகிறுது. அதை மட்டும் பாருங்க."

மனைவி சொன்ன சொல் தவறாதவள்; முள் பேசியதோ நிஜம். தராசின் கையிலிருந்த சாவியை வாங்கி, ஒரு நொடி யோசித்து, அவர் பையிலேயே திரும்பப் போட்டாள். டாக்டர் பட்டாணியில் ஒரு பிடி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கார் இன்றும் அதே ஷெட்டில்தான் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். முள் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, சீட்டில் மாமியாரின் மூக்குக்கண்ணாடிகூட இருக்கிறது. எஞ்சின் மட்டும் அந்தக் காருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.