திருகாணியக்காவின் கை சும்மா இருக்காது

திருப்பூரிலிருந்து தாராபுரம் வரைக்கும் எந்தப் பெண்ணின் காதிலிருந்தும் தோடு தானாகக் கழன்று விழுந்ததே இல்லை என்று ஒரு காலத்தில் நான் அடித்துச் சொல்லியிருப்பேன். காரணம், அந்த வழியாகத் திருகாணியக்கா போய் வந்துகொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் தோட்டுத் திருகாணி தளர்ந்திருந்தால் போதும், "சித்த நில்லுங்க" என்பாள். அந்தப் பெண் நிற்பதற்குள் அவள் காதைப் பிடித்துத் திருகி முடித்திருப்பாள். அந்தப் பெண் அலறுவாள். நான் ஓடுவேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் கழிந்தன.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது, யாரும் படித்ததில்லை. அருள்புரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பிரிண்ட் டிசைனர் வேலை. வெளிநாட்டுக் குழந்தைகளின் டீ-ஷர்ட்டுக்குக் கரடியும் முயலும் வரைவாள். நான் அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களுக்குப் பதில் எழுதும் வேலை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். லைன் வீட்டில் அடுத்தடுத்த அறை. எனக்குப் பல்லியென்றால் பயம், பையர் மெயில் என்றால் பயம், ரோட்டைக் கடப்பதென்றால் இன்னும் பயம். என்னைக் கொண்டுபோய் இவள் பக்கத்தில் குடிவைத்த கடவுளுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

அக்காவின் மனசு முழுக்க நகைதான். கரடி வரையச் சொன்னால் வரைவாள். கூடவே கரடியின் காதில் ஜிமிக்கி தொங்கும். 'கரடியின் காதில் இருப்பது என்ன?' என்று பையர் மெயில் அனுப்பியபோது, பதில் எழுத வேண்டிய எனக்குச் சோறு இறங்கவில்லை. "யக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், எடுத்துருங்க" என்று கெஞ்சினேன். எடுத்தாள், இடது காதில் மட்டும். அதற்குள் பிரிண்ட் ஓடிய பனியன்கள் எல்லாம் ரிஜெக்ட். மேனேஜர் குதித்தார். அக்கா அதில் ஒரு மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "உடுங்க, நம்ம ஆசாரிகளுக்கு ஆச்சு" என்றாள்.

நம்ம ஆசாரிகள் என்பவர்கள் நாகர்கோவிலில் இருந்தார்கள், கும்பகோணத்தில் இருந்தார்கள், திருச்சூரில் இருந்தார்கள், கல்கத்தாவிலும் இருந்தார்கள். லீவு கிடைத்தால் பனியன் மூட்டையோடு ரயிலேறிவிடுவாள். எந்த ஊரிலும் நகைக்கடைக்குள் கால் வைக்கமாட்டாள். பின்சந்தில் எங்கே சுத்தியல் தட்டும் சத்தம் கேட்கிறதோ, அந்தப் பட்டறைக்குள் போய்த் தான் வரைந்த டிசைனை நீட்டுவாள். "இதெல்லாம் செய்ய முடியாதும்மா" என்பார் ஆசாரி. "செரிங்க, முடியற வரைக்கும் நான் இங்கயே இருக்கறனுங்க" என்று சம்மணம் போட்டுவிடுவாள். மத்தியானம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. சாயங்காலத்துக்குள் சொந்தமாகிவிடுவாள். கிளம்பும்போது ஆளுக்கொரு பனியன். கும்பகோணத்து ஆசாரி ஒருவர், நரைத்த மார்பின்மேல் ஜிமிக்கிக் கரடி சிரிக்க, கன்னம் உப்ப ஊதுகுழல் ஊதிக்கொண்டிருக்கும் போட்டோ அவள் அறைச் சுவரில் இருந்தது.

கல்கத்தா ஆசாரியை அண்ணன் என்பாள். அவருக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு வங்காள மொழி தெரியாது. ஆனாலும் போனில் நெடுநேரம் பேசுவார்கள், அவரவர் பாஷையில்.

"என்னக்கா சொன்னாரு?"

"கொழந்தைக்குக் காச்சலாமா, பாவம்."

"அது எப்படித் தெரிஞ்சுது?"

"இன்னிக்கு அவரு ஒருவாட்டி கூடச் சிரிக்கலியே கண்ணு."

அடுத்த வாரம் சிரித்தாராம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று இவள் மாகாளியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கூடப் போனவளுக்கல்லவா தெரியும்! பைக்கில் வந்து செயின் அறுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த காலம். பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியில், 'உங்கள் நகை கழன்றிருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்' என்று ஒரு குரல் ஓயாமல் எச்சரிக்கும். அக்காவை நேரில் பார்த்துவிட்டுத்தான் அதை எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்றே நான் நம்பினேன். ஒரு தேர்க்கூட்டத்தில் முன்னால் நின்ற அம்மாவின் காதில் கை வைத்துவிட்டாள். "திருடி! திருடி!" என்று அந்த அம்மா கத்த, "திருடலீங்க, திருகறனுங்க" என்று இவள் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். யாரோ குடையை ஓங்கினார்கள். நான் செருப்பை விட்டுவிட்டு ஓடியவள் தேர்நிலையைத் தாண்டித்தான் திரும்பிப் பார்த்தேன். அக்கா அந்த அம்மா வாங்கிக்கொடுத்த ஐஸைத் தின்றுகொண்டு நிதானமாக வந்தாள். கையில் என் செருப்பு.

இந்த நிலையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் வீட்டில் தங்கம் என்று இருந்தது அம்மாவின் காதுத்தோடும் ஒரு மெல்லிய சங்கிலியும்தான். அம்மா இரண்டையும் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்துவிட்டு, காது தூர்ந்துவிடக் கூடாதென்று துளையில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். "புதுசா ஒரு ஜிமிக்கித்தோடு, ஒரு சங்கிலி. மாப்பிள்ளை வீட்ல அதுதான் பேச்சு. பத்திரம் தாயி" என்றாள். அந்த முடிச்சை வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அது தொலைந்தால் கல்யாணமும் இல்லை, அம்மாவுக்குக் காதில் குச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நம்ம தாராபுரத்து ஆசாரி இருக்கறப்ப என்ன பயம்?" என்றாள் அக்கா. டிசைன் அவளே வரைந்தாள். தாராபுரத்து ஆசாரி முயல் பனியனில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தோடு குகை என்கிற மண்கிண்ணத்தில் உருகிச் சொட்டாகத் திரண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது, தோட்டிலிருந்து பிரித்து வைத்திருந்த ஒரு பொடிக்கல் எங்கோ தெறித்தது. "ஆரும் கால நகத்தாதீங்க!" என்றார் ஆசாரி. பட்டறை மொத்தமும் சிலையானது. அவரவர் மடியை அவரவர் மெதுவாக உதறிப் பார்த்தார்கள். கல் ஆசாரியின் மடியிலேயே இருந்தது. கீழே விழுந்த பொருளைத் தேடும்போது தரையைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டுமாம். வாசலைத் தாண்டும்போதும் முந்தானையை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். தங்கத்தூள் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம்.

நகையை வாங்கப் போன அன்று கூலி கேட்டதற்கு, "போன தீவாளிக்குக் குடுத்த பனியனே இன்னும் கிழியலீங்க அம்மிணி" என்று சிரித்தார். பில்லும் கிடையாது, ரசீதும் கிடையாது. ஜிமிக்கித்தோட்டையும் சங்கிலியையும் ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தார். நான் அதை என் கைப்பைக்குள் அடியில் வைத்து, மேலே துண்டைத் திணித்தேன்.

தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். "யக்கா, இன்னைக்கு ஒருநாள் யார் காதையும் தொடாதீங்க. வாயத் தொறந்து சொல்லவும் செய்யாதீங்க. எதாவது வம்புன்னு பையத் தொறந்தாவன்னா நம்ம கதை முடிஞ்சுது. சத்தியம் பண்ணுங்க."

அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பஸ்ஸில் ஏறியதும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

விதி எனக்கு நேர் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தது. காங்கேயத்துக்காரி ஒரு அம்மா. மடியில் சின்ன வெங்காயம் நிறைந்த கட்டைப்பை. காதில் சிவப்புக்கல் தோடு. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். இடது காதின் திருகாணி பாதி வெளியே நின்றது.

அக்கா பார்த்துவிட்டாள். நான் அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டேன்.

"கண்ணு…"

"கூடாது."

"சொல்லியாச்சும் போடறனே."

"மூச்சு விடக் கூடாதுக்கா."

ஒவ்வொரு வேகத்தடைக்கும் திருகாணி கொஞ்சம் நகர்ந்தது. "இன்னும் ரெண்டு மரைதான் இருக்குது கண்ணு" என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். நெற்றியில் வேர்வை. பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கும் புருஷன் மாதிரி தவித்தாள். எனக்கும் அந்தக் காதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. குண்டடம் தாண்டி ஒரு பெரிய குழியில் பஸ் இறங்கி ஏறியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

தூக்கிப்போட்டதில் அந்த அம்மா விழித்தார். கை தானாகக் காதுக்குப் போனது.

"ஐயோ, என்ற தோடு! என்ற தோட்டக் காணமுங்க!"

விசில் அடித்தது. பஸ் நின்றது. "ஆரும் எறங்கக் கூடாது. தோடு கெடைக்கலீன்னா வண்டி நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவும்" என்றார் கண்டக்டர். மஞ்சள் பை வைத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, "பின்சீட்டுல இருக்கறவங்களப் பாருங்க, ஏறுனதுலருந்து அந்தம்மா காதயே மொறச்சுப் பாத்துட்டு வந்தாங்க" என்றார்.

 துப்பட்டாவை இழுத்து முகத்தைத் துடைக்கப் போனேன். என் மடியில் ஏதோ மினுங்கியது. குனிந்து பார்த்தேன். திருகாணி.

அப்படியே கைக்குள் பொத்திக்கொண்டேன்.  காட்டினால் திருடி. காட்டாமல் இருந்து சோதனையில் அகப்பட்டாலும் திருடி. பையில் பில் இல்லாத புதுநகை வேறு. அம்மாவின் காது, வேப்பங்குச்சி, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எல்லாம் கண்முன் வந்து நின்றார்கள்.

அக்கா என் கையைப் பார்த்தாள். "குடு கண்ணு" என்றாள். என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் திருகாணியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"திருகாணி இங்க உழுந்துருக்குதுங்க."

"பாத்தீங்களா!" என்றார் பெரியவர். "அந்தப் பையத் தொறங்க!"

கண்டக்டர் என் பையைப் பிடுங்கித் திறந்தார். துண்டு, டப்பா, ஜிமிக்கித்தோடு, சங்கிலி. பஸ் மொத்தமும் 'ஆஆ' என்றது.

"இது ஆரோடதுங்க? பில்லு எங்க?"

 அக்கா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"என்றதுங்க. கேக்கறதெல்லாம் என்னைக் கேளுங்க. இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, இது வெளியூர்ப் புள்ள. போலீசுன்னாலும் நான் வாரனுங்க."

அவள் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. அதுவரை இந்த உலகத்தில் எதற்குமே பயப்படாதவள் என்று நான் நினைத்திருந்த அக்காவின் முதுகு.

நடுக்கத்தோடேயே குரலை உயர்த்தினாள். "அதுக்கு முன்னால, ஆரும் கால நகத்தாதீங்க! திருகாணி பின்னால உழுந்தா, கல்லு முன்னாலதானுங்க உழுந்துருக்கோணும். அம்மா, நீங்க எந்திரிக்காதீங்க. மொதல்ல உங்க மடியப் பாருங்க."

குரலில் அப்படியே தாராபுரத்து ஆசாரி. பஸ் சிலையானது. டிரைவர்கூட ஸ்டியரிங்கை விட்டுக் கையைத் தூக்கிவிட்டார். அந்த அம்மாவின் மடியில் இருந்தது வெங்காயப் பை. சின்ன வெங்காயத்துக்குள் சிவப்புக்கல் தோட்டைத் தேடுவது எவ்வளவு கொடுமை தெரியுமா? முந்தானைகளை விரித்து வெங்காயத்தைக் கைகையாக அள்ளிக் கொட்டி, பெண்கள் எல்லாம் பொறுக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் கண்ணில் தண்ணீர். நான் மட்டும் வெங்காயம் இல்லாமலேயே அழுதுகொண்டிருந்தேன்.

"இருக்குதுங்கோ!" என்று கத்தியது, மஞ்சள் பைப் பெரியவர்தான். சருகோடு சருகாக ஒட்டிக்கொண்டிருந்த தோட்டைத் தூக்கிக் காட்டினார். எனக்கு உயிர் வந்தது. கண்டக்டர் டப்பாவைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்து, "மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி" என்றார்.

அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்களே மாட்டி உட்டுருங்க சாமி, என்ற கை நடுங்குது."

அக்கா தோட்டை வாங்கிக்கொண்டாள். மாட்டவில்லை. என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளையைப்போல் மெல்லக் கேட்டாள்.

"கண்ணு, தொடட்டுமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தொடுங்கக்கா" என்றேன். அதற்குப் பிறகு திருப்பூர் வரும்வரை அவள் உட்காரவில்லை. பஸ்ஸிலிருந்த அத்தனை பெண்களும் வரிசையாகக் காதைக் காட்டினார்கள்.

கல்யாணத்தன்று அந்த ஜிமிக்கித்தோட்டை எனக்கு அவள்தான் மாட்டிவிட்டாள். அம்மாவின் வேப்பங்குச்சியை அடுத்த போனஸில் எடுக்க வைத்தேன். அந்தத் தோடும் தாராபுரத்து ஆசாரி பட்டறையில் செய்ததுதான்.

அக்கா இப்போது அந்தப் பட்டறைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாள். முழங்கால் வலி, ரயிலேற முடியவில்லை. அதனால் ஆசாரிகள் இவளைத் தேடி வருகிறார்கள். போன தடவை நான் போனபோது கல்கத்தா அண்ணன் குடும்பத்தோடு உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பார்த்தாள். "ஏங்கண்ணு, எந்நேரமும் இப்புடியேதான் உட்டு வெப்பியா? கீழ உழுந்துட்டா என்ன பண்ணுவ?" என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து, காதைப் பிடித்து, இதமாகத் திருகினாள்.

என் தோட்டுத் திருகாணி ஒருநாளும் தானாகத் தளர்ந்ததில்லை. தூங்கி எழுந்ததும் தொட்டுப் பார்க்கிற பயந்தாங்கொள்ளி நான். அவளைப் பார்க்கப் போகும்போது மட்டும், தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், எனக்கு இருக்கிற அத்தனை பயத்தோடும், அரைச் சுற்று நானே கழற்றி விட்டுக்கொள்கிறேன்.