நாற்பத்து மூன்று பேர் பட்டியல்

மனித குலம் கண்டறிந்தவற்றுள் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் பட்டியலுக்கே உரியது. நெருப்பு சுடும். சக்கரம் காலில் ஏறும். பட்டியலால் யாருக்கும் தீங்கு வந்ததாகச் சரித்திரத்தில் பதிவே இல்லை.

இந்த உண்மையைத் தம் உத்தியோகக் கொள்கையாகவே வைத்திருந்தார், அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் நல அலுவலர். மூன்றாண்டுகளுக்கு முன் அவர் தொகுத்த 'ஒருங்கிணைந்த மனநல உதவிப் பட்டியல்', தொழிற்சாலையின் ஒவ்வொரு குடிநீர்க் குழாய்க்கு மேலும் பிளாஸ்டிக் உறையிட்டு மாட்டப்பட்டிருந்தது. நாற்பத்து மூன்று மருத்துவர்கள், அவர்களுடைய தொலைபேசி எண்கள், யார் என்ன சிகிச்சை தருகிறார்கள் என்பதற்குத் தனித்தனிக் கட்டங்கள். சில கட்டங்கள் காலியாகக் கிடந்து கண்ணை உறுத்தியதால் அங்கங்கே அவரே டிக் போட்டு அழகுபடுத்தியிருந்தார். ஒரே மதியத்தில் முடித்த வேலை. தலைமையகம் கேடயம் கொடுத்தது. யாரையும் அழைத்துச் சரிபார்க்கவில்லையா என்று கேட்கலாம். படித்த டாக்டர்களைக் கூப்பிட்டு, 'நீங்கள் இருக்கிறீர்களா?' என்று விசாரிப்பது மரியாதையாகுமா?

இப்பேர்ப்பட்டவரைத்தான் சரக்கு லிப்ட் ஒரு செவ்வாய்க்கிழமை பதம் பார்த்தது. 'பாதுகாப்பு வாரம்' என்று எழுதிய பேனரைச் சுருட்டிப் பிடித்தபடி மேலே போய்க்கொண்டிருந்தவரை, மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடிக்குக் கேட்காமலே கொண்டுவந்து, இருட்டில் நாற்பது நிமிடம் வைத்திருந்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆகவே அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தொழிற்சாலை மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

அதன்பிறகு கதவு எது சாத்தப்பட்டாலும் அவருக்கு லிப்ட் மறுபடி விழுந்தது. வீட்டில் மனைவி பிரிட்ஜை மூடினால் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆலோசனைக் கூட்டத்தில் யாரோ இரும்பு அலமாரியைச் சாத்த, மேசைக்கடியில் போய்விட்டார். 'நல அலுவலர் கீழே விழுந்த பேனாவைத் தேடினார்' என்று நடவடிக்கைக் குறிப்பில் நாகரிகமாகப் பதிவானது.

மனைவி அவரைக் கையோடு தெருமுனை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"பயந்த மனசு அங்கயே நின்னுடுச்சு," என்றார் டாக்டர். "இதுக்குக் கண்ணசைவு சிகிச்சைன்னு ஒண்ணு இருக்கு. டாக்டர் விரலை இப்படியும் அப்படியும் நகர்த்துவாங்க. அந்தச் சம்பவத்தை நினைச்சுக்கிட்டே நீங்க விரலைப் பார்க்கணும். ஆனா முறையாப் படிச்ச மனநல டாக்டர்கிட்டதான் போகணும்."

"அவங்களை எங்க தேடறது?"

"உங்க ஆபீஸ்ல ஏதாவது பட்டியல் இருக்குமே."

நல அலுவலரின் நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது.

மறுநாள் காலை பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணசைவு சிகிச்சைக்கு நேராகப் பதினோரு டிக்குகள் இருந்தன. முதல் எண்ணில் ஒரு கண் மருத்துவமனை. கண் தானாக அசைகிறதா, அசையவே மாட்டேன் என்கிறதா என்று அக்கறையாகக் கேட்டார்கள். இரண்டாவது எண்ணில் ஒரு வயதான அம்மாள்.

"டாக்டர் போய் ஆறு வருஷம் ஆச்சுப்பா."

"எங்க போயிருக்காரு?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகுதான் நல அலுவலருக்கு விளங்கியது.

மூன்றாமவர் உயிரோடு இருந்தார், நேரிலும் பார்த்தார். "கண்ணை அசைக்கிறதெல்லாம் என்கிட்ட இல்ல. கண்ணை மூட மாத்திரை தர்றேன்," என்று நாலு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். நான்காமவர் டாக்டரே அல்ல, ஒரு சனி ஞாயிறில் சான்றிதழ் வாங்கிய 'வாழ்வியல் பயிற்சியாளர்'. மழைநாளில் கார் கண்ணாடியைத் துடைப்பதுபோல விரலை ஆட்டினார். நல அலுவலருக்குத் தலை சுற்றிக் குமட்டி, வாந்தியும் வந்துவிட்டது.

"பாத்தீங்களா? அதிர்ச்சி வெளியேறிடுச்சு," என்றார் பயிற்சியாளர்.

வீட்டில் மனைவி பட்டியலை வாங்கிப் பார்த்தாள். "இது நீங்க போட்டதுதானே? போட்டவருக்கே தெரியாதா, யார் யாருன்னு?"

"பட்டியல் போடறவன் வேற, பயன்படுத்தறவன் வேற," என்று விளக்கினார். அவள் பிரிட்ஜை மெதுவாக, கை கொடுத்து மூடினாள்.

ஒன்பதாவது எண்ணில் ஓர் ஆண்குரல் கேட்டது. "டைல்ஸ் கடைங்க."

"மனநல மையம் இல்லையா?"

"அது காலி பண்ணிப் போய் அஞ்சு வருஷம் ஆச்சு சார். நம்பர் எனக்கு வந்துருச்சு. எந்த மடையனோ அதைப் பட்டியல்ல போட்டு வச்சிருக்கான். வாரத்துக்கு ரெண்டு பேராவது கூப்பிடறாங்க."

"அப்படியா," என்றார் நல அலுவலர், பொதுவாக.

"ஒரு நாள் ஒரு அம்மா எடுத்ததுமே அழுதாங்க. ராங் நம்பர்னு சொல்லி எப்படி சார் வைக்கிறது? அப்புறம் நானே நாலு இடத்துல விசாரிச்சு, நேர்ல போய்ப் பாத்து, ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடிச்சேன். இப்ப கூப்பிடறவங்களை எல்லாம் அங்கதான் அனுப்பறேன். பேனா இருக்கா?"

நல அலுவலர் எழுதிக்கொண்டார். முப்பது நாள் கழித்து நேரம் கிடைத்தது.

மருத்துவமனை தரைத்தளத்தில், லிப்ட் தேவைப்படாத இடத்தில் இருந்தது. காத்திருக்கும் அறையில் நுழைந்ததுமே ஒரு பெண் எழுந்து நின்றார். அவருடைய தொழிற்சாலையிலேயே பசை ஒட்டும் பிரிவில் வேலை செய்பவர். இயந்திரத்தில் தோழியின் கை சிக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

"சார், நீங்களுமா?"

"சும்மா... ஆய்வுக்காக," என்றார்.

"உங்க பட்டியலாலதான் சார் இங்க வந்தேன். ஒவ்வொரு நம்பரா ஆறு மாசம் கூப்பிட்டேன். கடைசியில ஒரு டைல்ஸ் கடைக்காரர்தான் வழி சொன்னாரு. அவர் குரலைக் கேட்டதும் அழுதுட்டேன். ரொம்ப நன்றி சார்."

அந்த முகத்தில் கேலி ஏதும் இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். நல அலுவலரும், முப்பதாண்டுப் பழக்கத்தில், "பரவாயில்லம்மா, அது என் கடமை," என்று சொல்லிவிட்டார்.

உள்ளே டாக்டரம்மா அவருக்கு எதிரே நாற்காலியைச் சற்றுப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். முன்பின் கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நினைச்சாலே தாங்க முடியாத காட்சி எது? அதை மட்டும் மனசுல கொண்டு வாங்க."

லிப்டின் இருட்டைத்தான் கூப்பிட்டார். வரவில்லை. அறைக்கு வெளியே ஒரு பெண் மரியாதையாக எழுந்து நிற்பதுதான் வந்தது.

"வந்துடுச்சு," என்றார்.

"இப்ப உங்களைப் பத்தி மனசு என்ன சொல்லுது? வழக்கமா எல்லாரும், 'எல்லாம் என் தப்பு'ன்னு ஒரு பொய்யைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. அந்தப் பொய்யைத்தான் இந்தச் சிகிச்சையில இளக்குவோம்."

"எனக்கும் அதேதான் டாக்டர். எல்லாம் என் தப்புன்னு சொல்லுது." பிறகு அவர் பட்டியலைப் பற்றிச் சொன்னார். ஒரே மதியம், நாற்பத்து மூன்று பேர், அழகுக்குப் போட்ட டிக்குகள், கேடயம் என்று எதையும் விடவில்லை.

டாக்டரம்மா தூக்கிய விரலை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"லிப்ட் விழுந்ததை அடுத்த வாரம் சரி பண்ணிடலாம் சார். இதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்ல. இது பொய் இல்லையே."